நானோகிராம் சொல்லும் நாள்கணக்கு



குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் கோப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் சேர்கிறது. தாள் நிறைய எண்கள் இருந்தாலும் வீட்டாரின் கண் தேடுவது ஒரே வரியைத்தான்: சி.இ.ஏ. 2.1. அடுத்த முறை 2.4. அதற்கடுத்து 3.0. பக்கத்திலேயே ‘5க்குக் கீழ் இயல்பு’ என்று அச்சிட்டிருப்பதால் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். பிறகொரு நாள் 7.8 என்று வருகிறது. எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. நோயாளிக்கு நன்றாகப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, எடை குறையவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் அன்று முதல் அந்த வீட்டில் பேச்சு தணிந்துவிடுகிறது. மருத்துவரின் அறைக்கு வெளியே மகனோ மருமகளோ தனியாக நின்று இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “மறுபடி வந்துடுச்சா டாக்டர்?” என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் குரலை இறக்கிக் கேட்பார்கள்: “இன்னும் எவ்வளவு நாள்?”

இந்தச் சொற்பொழிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ரத்தத்தில் கலந்திருக்கும் ஒரு பொருளின் அளவைக் கொண்டு, திரும்பி வந்த குடல் புற்றுநோயோடு ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்று சொல்லிவிட முடியுமா? மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு விடை தேடியிருக்கிறது. கிடைத்த விடையில் மூன்று பகுதிகள் உண்டு. நூறு பேர் கொண்ட கூட்டத்தைப் பற்றி அந்த எண் நன்றாகவே பேசும். தனி ஒருவரைப் பற்றிப் பேச அதற்கு வேறு சாட்சிகளின் துணை வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டதால் மட்டும் யாருடைய ஆயுளும் நீண்டுவிடாது. மூன்றாவது பகுதியை ஏற்றுக்கொள்ளத்தான் மருத்துவர்களுக்கே அதிகக் காலம் பிடித்தது.

முயல்கள் காட்டிக்கொடுத்த புரதம்

கதை தொடங்கும் இடம் கனடாவின் மான்ட்ரியல் நகரம். 1960களின் தொடக்கத்தில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஃபில் கோல்ட் என்ற இளம் மருத்துவர், சாமுவேல் ஃப்ரீட்மனின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். புற்றுநோய்க் கட்டியில் மட்டும் இருந்து, நல்ல திசுவில் இல்லாத ஏதாவது ஒரு பொருள் உண்டா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு முன் தேடிய பலரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். ஒருவருடைய கட்டியை இன்னொருவருடைய நல்ல திசுவோடு ஒப்பிட்டார்கள். மனிதருக்கு மனிதர் திசு வேறுபடும் என்பதால், கண்ட வேறுபாடு புற்றால் வந்ததா, ஆள் மாறியதால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

கோல்ட் பெருங்குடலைத் தேர்ந்தெடுத்தது இந்தச் சிக்கலைத் தாண்டத்தான். குடல் புற்றுக்கு அறுவை செய்யும்போது கட்டியோடு இருபுறமும் சிறிது நல்ல குடலையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். ஆகவே ஒரே மனிதரின் கட்டியும் நல்ல குடலும் ஒரே நாளில் ஆய்வாளர் கைக்கு வந்துவிடும். கட்டியின் சாற்றை முயலுக்குச் செலுத்தினார். முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியது. அந்த எதிர்ப்பொருள் கலந்த நீரை நல்ல குடலின் சாற்றோடு கலந்தபோது, இரண்டுக்கும் பொதுவானவை எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து விலகிவிட்டன. அப்படி வடிகட்டிய பிறகும் ஒன்று எஞ்சியது. அது கட்டியை மட்டும் அடையாளம் கண்டது.

1965இல் கோல்டும் ஃப்ரீட்மனும் இதை இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். இரண்டாவது கட்டுரையில் இன்னொரு வியப்பு இருந்தது. அதே பொருள் கருப்பையில் முதல் ஆறு மாதத்துக்குள் இருக்கும் சிசுவின் குடலிலும் கல்லீரலிலும் கணையத்திலும் தென்பட்டது. கரு வளரும்போது தேவைப்பட்டு, பிறகு உடல் பெரும்பாலும் அடக்கி வைத்துவிட்ட ஒன்றைப் புற்று மறுபடி எழுப்பியிருக்கிறது. புற்றையும் கருவையும் சேர்த்து அதற்கு ‘கார்சினோஎம்ப்ரியானிக் ஆன்டிஜென்’ என்று பெயரிட்டார்கள். நம் லேப் தாள்களில் சி.இ.ஏ. என்று சுருங்கி வருவது அதுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1969இல், அதே குழு அதை ரத்தத்திலும் அளந்து காட்டியது. கதிரியக்க அணுக்களைக் கொண்டு மிக நுண்ணிய அளவுகளைக் கண்டறியும் முறையை ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். அதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையால் பார்த்தபோது குடல் புற்று உள்ள 36 பேரில் 35 பேரின் ரத்தத்தில் சி.இ.ஏ. கூடியிருந்தது.

36க்கு 35. ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது இந்த எண்ணால்தான்.

நம்பிக்கை தரையிறங்கியது

அந்த நம்பிக்கை சில ஆண்டுகளே நின்றது. முதல் ஆய்வில் இருந்தவர்களில் பலருக்கு நோய் நன்றாக முற்றியிருந்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களைச் சோதித்தபோது பெரும்பாலோருக்கு எண் இயல்பாகவே இருந்தது. மறுபுறம், புற்றே இல்லாதவர்களுக்கு எண் ஏறியது. புகைபிடிப்பவர்களுக்கு ஏறியது. கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி, நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் ஏறியது. நுரையீரல், மார்பகம், இரைப்பை, கணையம் ஆகியவற்றின் புற்றுகளிலும் ஏறியது. நலமாக இருப்பவர்களிடம் குடல் புற்றைத் தேடிப்பிடிக்க இந்தச் சோதனை உதவாது என்பது இன்று எல்லா வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதையும் சேர்த்து விற்பவர்கள் வாங்குபவருக்குச் செய்வது பெரும்பாலும் கவலையை விலைக்குத் தருவதுதான்.

சி.இ.ஏ. என்பது சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்திய ஒரு பெரிய புரதம். குடலின் உட்சுவர் செல்கள் அதைத் தம் மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. நல்ல செல்லில் அது குடலின் உட்குழாய்ப் பக்கம் மட்டும் இருப்பதால் மலத்தோடு போய்விடும். புற்றுச் செல் திசை தப்பிய செல். அது எல்லாப் பக்கமும் அதை உதிர்ப்பதால் ரத்தத்திலும் நிணநீரிலும் கலக்கிறது. ரத்தத்தில் கலந்ததைக் கல்லீரல் அரித்தெடுத்து நீக்குகிறது. அதனால்தான் கல்லீரல் கெட்டால் புற்று இல்லாமலேயே எண் உயரும்.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்றால், வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் மூன்று லிட்டர் பிளாஸ்மா முழுவதிலும் சேர்த்து 15 மைக்ரோகிராம். பொடியுப்பின் ஒரு மணியை நான்காக உடைத்தால் ஒரு பங்கு ஏறக்குறைய அந்த எடை இருக்கும். இவ்வளவு நுண்மையை அளக்கும்போது லேபுக்கு லேப், கருவிக்குக் கருவி சிறிது மாறுவது இயல்பு. ஒரு லேபில் 4.1, இன்னொரு லேபில் 5.3 என்று வந்தால் நோய் வளர்ந்துவிட்டதென்று பொருளில்லை. தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே லேபில், ஒரே முறையில் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சி.இ.ஏ.வுக்கு ஒரு தம்பியும் உண்டு: சி.ஏ. 19-9. 1979இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலரி கொப்ரோவ்ஸ்கியின் குழு, குடல் புற்றுச் செல்களை எலிக்குச் செலுத்திப் பெற்ற எதிர்ப்பொருளைக் கொண்டு அதைக் கண்டறிந்தது. குடல் புற்றுக்காகத் தேடிக் கிடைத்தது கடைசியில் கணையப் புற்றுக்கே அதிகம் பயன்படுகிறது. லூயிஸ் என்ற ரத்த வகைப் பொருள் உடலில் உருவாகாதவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு பெரிய கட்டி இருந்தாலும் சி.ஏ. 19-9 ஏறாது. குடல் புற்றில் இதைத் தனியாக நம்ப வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது.

திரும்பி வருவதை எண் அறியுமா

ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியாத எண், அறுவைக்குப் பிறகு வேறு வேலைக்குப் பயன்பட்டது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் ஏறியிருந்த சி.இ.ஏ. சில நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, நான்கு முதல் ஆறு வாரங்களில் இயல்புக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது. வந்து, பிறகு மறுபடி ஏறினால், நோய் திரும்பியிருக்கலாம்.

‘திரும்பியிருக்கலாம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வரம்பை 5 என்று வைத்தால், நோய் திரும்பிய 100 பேரில் 71 பேரை எண் பிடித்துக்கொடுக்கும். 29 பேரைத் தவறவிடும். நோய் திரும்பாத 100 பேரில் 12 பேருக்கு வீணாக மணி அடிக்கும். வரம்பை 10 ஆக உயர்த்தினால் வீண் மணி 3 பேருக்குக் குறையும். பிடிபடுவோர் 68 ஆவார்கள். ஆகவே 7.8 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து ‘வந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவது தவறு. சில வாரம் விட்டு மறுபடி பார்த்து, அது 9, 14, 22 என்று படியேறுகிறதா என்று கவனிப்பதே முறை. ஒரு புள்ளியை விடப் பல புள்ளிகள் சேர்ந்த கோடு அதிகம் பேசும்.

அந்தக் கோட்டின் சரிவிலேயே ஆயுள் பற்றிய முதல் துப்பும் இருக்கிறது. மெல்ல ஏறும் எண், அறுவை செய்த இடத்தருகிலேயே நோய் திரும்பியிருப்பதைக் காட்டுவது வழக்கம். விறுவிறுவென்று இரட்டிப்பாகும் எண், கல்லீரலுக்கோ வேறு உறுப்புகளுக்கோ அது பரவியிருப்பதைக் காட்டுவது வழக்கம். சி.இ.ஏ. இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலம் குறையக் குறைய, அதன் பின் வாழும் காலமும் குறைகிறது.

கத்தி துரத்திய எண்

முன்கூட்டியே தெரிந்துவிட்டால் முன்கூட்டியே வெட்டி எடுத்துவிடலாமே என்று அறுவை மருத்துவர்கள் நினைத்தார்கள். எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம்தான் அது. எண்ணுக்கு முன்பே அதற்கு ஒரு மரபு இருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓவன் வாங்கன்ஸ்டீன் 1940களின் இறுதியிலிருந்து, நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று பரவியிருந்த நோயாளிகளுக்கு, எந்தத் தொல்லையும் இல்லாதபோதே சில மாதம் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்து தேடினார். ‘இரண்டாவது பார்வை’ என்று அதற்குப் பெயர். சி.இ.ஏ. வந்ததும் யாருடைய வயிற்றைத் திறப்பது, எப்போது திறப்பது என்பதை எண்ணே சொல்லும் என்ற நிலை வந்தது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மின்டன் தலைமையில் 400 நோயாளிகளைக் கொண்ட ஆய்வின் முடிவு 1985இல் வெளியானது; எண்ணைப் பின்தொடர்ந்து செய்யும் இரண்டாவது அறுவைக்கு அது ஊக்கம் தந்தது.

அந்த ஆய்வில் ஒரு குறை இருந்தது. அறுவை செய்யாமல் விட்ட, அதே நிலையில் உள்ள இன்னொரு குழு அதில் இல்லை. நன்றாக இருந்தவர்கள் அறுவையால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்து அறுவை செய்ததால் அப்படித் தெரிந்ததா என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

அதைத் தீர்க்க 1982இல் பிரிட்டனில் ஒரு சோதனை தொடங்கியது. 58 மருத்துவமனைகளில் 1447 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் அறுவை முடிந்தவர்கள், எல்லோருக்கும் சி.இ.ஏ. தொடர்ந்து பார்க்கப்பட்டது. எண் ஏறியதும் குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் எண் ஏறிய செய்தி அறுவை மருத்துவருக்குப் போகும். அவர் தேடி, முடிந்தால் வயிற்றைத் திறந்து, வெட்டி எடுப்பார். மற்றக் குழுவில் அந்தச் செய்தி மருத்துவருக்கே சொல்லப்படாது. தொல்லை தெரிந்தபின் வழக்கமான சிகிச்சை. அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் 216 பேர், பக்கத்துக்கு 108.

1993 பிப்ரவரியில் கணக்குப் பார்த்தபோது, தேடிச் சென்று அறுத்த பக்கத்தில் 108 பேரில் 91 பேர் இறந்திருந்தார்கள். சொல்லாமல் விட்ட பக்கத்தில் 88 பேர். சோதனை நிறுத்தப்பட்டது.

இதன் பிறகு நடந்ததுதான் கவலைக்குரியது. 1994இல் ஒரு சிறு கடிதம் வெளிவந்ததோடு சரி. முழு அறிக்கை வரவில்லை. ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள் அந்த முடிவு முழுதாகக் கைக்கு வராமலே எண்ணைத் துரத்தினார்கள். அரைகுறையாகக் கைவிடப்பட்ட ஆய்வுகளை மீட்டு வெளியிடும் இயக்கம் 2013இல் உருவானபின், டாம் ட்ரெஷரும் அவருடைய சகாக்களும் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து, சோதனை நின்று 21 ஆண்டு கழித்து 2014இல் அதை முழுமையாக வெளியிட்டார்கள். அந்த 216 பேர் தங்கள் உடலைக் கொடுத்து வாங்கிய விடை அது. அது இருட்டில் கிடந்த ஆண்டுகளில் எத்தனை வயிறுகள் தேவையின்றித் திறக்கப்பட்டன என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை.

பிரிட்டன் சோதனை நின்ற அதே 1993இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் சார்ல்ஸ் மர்ட்டல் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சி.இ.ஏ. தொடர்ந்து பார்க்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நோய் திரும்பியவர்கள் 417 பேர். அவர்களில் 59 சதவீதத்தினருக்கு எண் முன்கூட்டியே ஏறியிருந்தது. அந்த முன்னறிவிப்பால் முழுக் குணம் அடைந்தவர்கள் மிக மிகச் சிலரே.

முந்திக் கண்டால் நீண்டு தெரியும்

இங்கே ஒரு கணக்குப் பிழையை விளக்க வேண்டும். ஆயுள் கணிப்பு பற்றிய பேச்சு எல்லாம் இதில்தான் வழுக்கி விழும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு ரயில் போகிறது. தாம்பரத்தில் ஏறியவர் விழுப்புரத்தில் ஏறியவரைவிட அதிக நேரம் ரயிலில் இருந்தார். இருவரும் மதுரையில் இறங்கியது ஒரே நேரத்தில்தான். சி.இ.ஏ. ஏறியதை ஜனவரியிலேயே கண்டு, நோயாளி அதன்பின் 24 மாதம் வாழ்ந்தால் அது 24 மாதம். எண்ணைப் பார்க்காமல், வலி வந்து ஜூலையில் கண்டிருந்தால் அதே மனிதருக்கு அதே இறுதி நாளில் கணக்கு 18 மாதம். ஆறு மாதம் கூடியதுபோலத் தெரிவது, அறியும் நாள் முன்னே நகர்ந்ததால் வந்த தோற்றம். அந்த ஆறு மாதத்தில் பயனுள்ள சிகிச்சை எதுவும் நடக்கவில்லை என்றால், நோயாளிக்குக் கிடைத்தது ஆறு மாதக் கூடுதல் கவலை மட்டும்தான்.

சிகிச்சை வளர்ந்தபின் நிலைமை மாறியதா என்று இரண்டு பெரிய சோதனைகள் பார்த்தன. பிரிட்டனில் 39 மருத்துவமனைகளில் 1202 பேரைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான சோதனையில், குறைந்த அளவு கண்காணித்த குழுவில் 2.3 சதவீதத்தினருக்கே குணமாக்கும் நோக்கத்தோடு மறு அறுவை செய்ய முடிந்தது. சி.இ.ஏ. தொடர்ந்து பார்த்த குழுவில் அது 6.7 சதவீதம், சி.டி. ஸ்கேன் குழுவில் 8 சதவீதம். இரண்டும் செய்த குழுவில் 6.6 சதவீதம். முன்கூட்டிப் பார்த்தால் வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் அதிகம் பேர் கிடைக்கிறார்கள் என்பது உறுதி. ஆனால் இறப்பு எண்ணிக்கையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஸ்வீடன், டென்மார்க், உருகுவே நாடுகளில் 2509 பேரைக் கொண்டு நடந்த மற்றச் சோதனை 2018இல் வெளியானது. அடிக்கடி பார்த்தவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 13 சதவீதம். எப்போதாவது பார்த்தவர்களில் 14.1 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.

கண்காணிப்பே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கல்லீரலில் ஒரே ஒரு முடிச்சாக நோய் திரும்பியவரை நேரத்தில் கண்டு குணப்படுத்துவது இன்று அன்றாடம் நடக்கிறது. எண்ணுக்கு இருக்கும் மதிப்பு, அது எந்தக் கதவைத் திறக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஐந்து புள்ளிகள்

அந்தக் கதவுகளில் பெரியது கல்லீரல் அறுவை. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஆகவே குடல் புற்று அதிகம் குடியேறும் இடமும் அதுவே. ஒரு காலத்தில் கல்லீரலுக்குப் போய்விட்டால் முடிந்தது என்றார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1985 முதல் 1998 வரை அப்படிக் கல்லீரல் அறுவை செய்துகொண்ட 1001 பேரின் வரலாற்றை யூமன் ஃபாங், லெஸ்லி பிளம்கார்ட் குழுவினர் 1999இல் வெளியிட்டார்கள். 37 சதவீதத்தினர் ஐந்தாண்டும், 22 சதவீதத்தினர் பத்தாண்டும் வாழ்ந்தார்கள்.

யார் வாழ்வார், யார் மாட்டார் என்று அறுவைக்கு முன்பே சொல்ல அவர்கள் ஐந்து கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கட்டியிலேயே நிணநீர்க் கணுக்களில் புற்று இருந்ததா? முதல் கட்டிக்கும் கல்லீரல் கட்டிக்கும் இடைவெளி ஓராண்டுக்குள்ளா? கல்லீரலில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளா? பெரிய கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேலா? சி.இ.ஏ. 200க்கு மேலா? ஒவ்வொரு ‘ஆம்’ என்ற விடைக்கும் ஒரு புள்ளி.

புள்ளியே இல்லாதவர்களில் 60 சதவீதத்தினர் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள். ஒரு புள்ளி என்றால் 44, இரண்டு என்றால் 40. மூன்று புள்ளிக்கு 20, நான்குக்கு 25, ஐந்துக்கு 14.

இந்த வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலாவது, சி.இ.ஏ. இங்கே ஐந்து சாட்சிகளில் ஒன்று. தனி நீதிபதியாக அதை உட்கார வைக்கவில்லை. அதன் வரம்பும் லேப் தாளில் உள்ள 5 இல்லை, 200. இரண்டாவது, நான்கு புள்ளிக்காரர்கள் மூன்று புள்ளிக்காரர்களைவிட நன்றாக இருந்ததுபோல் தெரிகிறது. உண்மையில் அப்படி இருக்கக் காரணமில்லை. அதிகப் புள்ளி உள்ளவர்கள் எண்ணிக்கையில் சிலர் என்பதால் சதவீதம் ஆடுகிறது. ஆயிரம் பேரைக் கொண்டு கட்டிய அளவுகோலே இந்த இடத்தில் இப்படி ஆடுமென்றால், ஒருவரை நிறுத்தி அளக்கும்போது எவ்வளவு ஆடும் என்று கருதிப் பார்க்கலாம். மூன்றாவது, ஐந்து கேள்விக்கும் ‘ஆம்’ என்றவர்களிலும் நூற்றுக்கு 14 பேர் ஐந்தாண்டைத் தாண்டியிருக்கிறார்கள்.

அதே மையம் 2007இல் பத்தாண்டு முழுதும் பின்தொடர்ந்த 612 பேரின் கணக்கைத் தந்தது. 102 பேர் பத்தாண்டைக் கடந்தார்கள். கடந்தவர்களில் அதன் பிறகு அந்தப் புற்றால் இறந்தவர் ஒரே ஒருவர். ‘கல்லீரலுக்குப் போய்விட்டது’ என்ற சொல் இனி முடிவைக் குறிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அறுவைக்கு வழியில்லாதவர்களுக்கு வேறு கணக்கு. ஜெர்மனியின் கோனேயும் சகாக்களும் 5-ஃப்ளூரோயுராசில் மருந்து பெற்ற 3825 பேரின் தரவைத் தொகுத்து 2002இல் ஒரு முறை தந்தார்கள். நோயாளியின் நடமாட்டத் திறன், வெள்ளணு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு, எத்தனை உறுப்புகளில் நோய் இருக்கிறது ஆகிய நான்கைக் கொண்டு மூன்று பிரிவுகள். அவற்றின் இடைநிலை ஆயுள் முறையே 15, 10.7, 6.1 மாதங்கள். அந்த நான்கில் சி.இ.ஏ. இல்லை. தானே எழுந்து நடந்து தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்ற எளிய கேள்வி, நானோகிராம் கணக்கைவிட முன்னே நிற்கிறது. இன்று இதோடு கட்டியின் மரபணு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. பி-ராஃப் மரபணுவில் வி600இ மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் வேகமாக நகரும். அந்தப் பழைய மாதக்கணக்குகளும் இன்று பொருந்தாது. புதிய மருந்துகள் வந்து அவற்றைத் தாண்டிவிட்டன.

கீமோ நடக்கும்போது எண்ணைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. புது மருந்து தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில், குறிப்பாக ஆக்சாலிபிளாட்டின் மருந்தில், மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே சி.இ.ஏ. எகிறி, பிறகு இறங்குவது உண்டு. அந்த ஏற்றத்தைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் நல்ல மருந்தைக் கைவிட்டதாகிவிடும்.

புதிய சாட்சி

சி.இ.ஏ.வின் இடத்துக்கு இப்போது ஒரு வாரிசு வருகிறது. புற்றுச் செல்கள் மடியும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் மிதக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2008இல் 18 குடல் புற்று நோயாளிகளிடம் அதை அளந்தபோது, அந்தத் துண்டுகள் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைவது தெரிந்தது. சி.இ.ஏ. நேற்றைய செய்தித்தாள் என்றால் இது இன்றைய வானொலி. ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வு 2023இல் வெளியானது. அறுவை முடிந்து நான்கு வாரத்தில் ரத்தத்தில் அந்தத் துண்டு தெரிந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு தெரியாதவர்களைவிடப் பத்து மடங்கு இருந்தது.

இங்கும் பழைய பாடம் மறக்கப்படவில்லை என்பது ஆறுதல். ஆஸ்திரேலியாவில் ஜீன் டை தலைமையில் 455 பேரைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான சோதனை, ‘கணிக்க முடிகிறதா’ என்பதோடு நிற்காமல் ‘கணித்தால் என்ன மாறுகிறது’ என்று கேட்டது. இரண்டாம் நிலைக் குடல் புற்றில் டி.என்.ஏ. சோதனையைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் 15 சதவீதத்தினருக்கே கீமோ தரப்பட்டது. வழக்கப்படி முடிவெடுத்த குழுவில் 28 சதவீதத்தினருக்கு. இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாதிருந்தவர்கள் முறையே 93.5, 92.4 சதவீதம். வழக்கப்படி கீமோ பெற்றிருக்கக்கூடியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதன் துன்பத்திலிருந்து தப்பினார்கள். அதனால் எதையும் இழக்கவில்லை. முன்கணிப்பு நோயாளிக்குப் பயன்பட்ட இடம் இது.

கெடுவும் கணிப்பும்

நம் ஊரில் ‘டாக்டர் கெடு வைத்துவிட்டார்’ என்று ஒரு பேச்சு உண்டு. ஆறு மாதம் என்றார், ஆறு மாதம்தான் என்று வீட்டார் நாட்காட்டியில் நாளை எண்ணத் தொடங்குவார்கள். மருத்துவர் சொன்னது பெரும்பாலும் இடைநிலை எண்ணாக இருக்கும். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆள் எட்டிய மாதம் அது. அதற்கப்பால் நிற்கும் ஐம்பது பேரில் சிலர் மிகத் தொலைவில் நிற்பார்கள். அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற அரிய புற்று கண்டபோது, அந்த நோயின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று புத்தகங்களில் இருந்தது. கூல்டுக்குப் புள்ளியியல் தெரியும். அந்த எட்டு மாதத்துக்கு வலப்புறம் நீளும் வாலில் தான் நிற்க என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டார். அதை 1985இல் கட்டுரையாகவும் எழுதினார். அவர் இறந்தது 2002இல், வேறொரு புற்றால்.

ஆகவே சி.இ.ஏ. 7.8 வந்த அந்த வீட்டுக்குத் திரும்பலாம். முதலில் செய்ய வேண்டியது, சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பார்ப்பது. இடையில் கல்லீரல் கோளாறோ புகைப்பழக்கமோ உண்டா என்று கேட்பது. எண் தொடர்ந்து ஏறினால் சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் பெட் ஸ்கேன். ஒரு முடிச்சு தெரிந்து, அது வெட்டக்கூடிய இடத்தில் இருந்தால், கல்லீரல் அறுவை மருத்துவரும் கீமோ மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஐந்து கேள்விகளையும், அவற்றுக்குப் பின் வந்த மரபணுக் கேள்விகளையும் கேட்க வேண்டும். எண் ஏறியும் ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டால், காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுப்பதே வழி. வயிற்றைத் திறந்து தேடுவதால் என்ன கிடைத்தது என்பதை அந்த 216 பேரும் சொல்லிவிட்டார்கள்.

“இன்னும் எவ்வளவு நாள்?” என்ற கேள்விக்கு மருத்துவர் ஒற்றை எண்ணைச் சொல்லாமல் மூன்றாகச் சொல்லலாம்: எல்லாம் எதிராகப் போனால் இவ்வளவு, பெரும்பாலோருக்கு இதிலிருந்து இது வரை, நன்றாக அமைந்தால் இவ்வளவுக்கும் மேல். அதை வெளியே நிற்கும் மகனிடம் மட்டும் சொல்லாமல், அவர் விரும்பினால் நோயாளியிடமே சொல்ல வேண்டும். மகளின் கல்யாணத்தை மாசியில் வைப்பதா வைகாசியில் வைப்பதா, நிலப் பத்திரத்தை யார் பேருக்கு எழுதுவது, அடுத்த கீமோவுக்கு முன் ஊருக்கு ஒரு நடை போய்வரலாமா என்பதெல்லாம் அவர் எடுக்க வேண்டிய முடிவுகள். அந்தத் தாளில் உள்ள எண்ணும் அதோடு சேர்ந்த மற்றச் சாட்சிகளும் அவருக்கு முன்னால் விரித்து வைக்கப்பட வேண்டும். கேட்டு முடித்தபின் அவர் பேசவும் நேரம் தரப்பட வேண்டும்.